அலுவலகப் பொங்கல் போட்டிக்கு ஒரு கவலைக் கிணறு

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாளில் எங்கள் அலுவலகத்தில் பிரிவுகளுக்கு இடையே அலங்காரப் போட்டி நடக்கும். பரிசு ஒரு சுழற்கேடயமும் கேன்டீனிலிருந்து ஒரு தூக்கு சர்க்கரைப் பொங்கலும். அந்தத் தூக்கு எப்படியும் எல்லா மேசைக்கும் போய்விடும். கேடயத்துக்காகத்தான் இவ்வளவு மல்லுக்கட்டு.

நாங்கள் இருப்பது கோவை. வேலை தண்ணீர் மோட்டார் பம்பு செய்வது. டிசைன் பிரிவில் உட்கார்ந்துகொண்டு வழக்கம்போல மண்பானையும் அட்டை மாடும் வைத்துவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. இந்த முறை ஓடுகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தோம். பம்பு வருவதற்கு முன் இந்த ஊர்த் தோட்டங்களில் தண்ணீர் எப்படி மேலே வந்தது? மாடு பூட்டி, கவலை இறைத்து வந்தது. மதுரைப் பக்கம் கமலை என்பார்கள். அதையே சின்ன அளவில், நிஜமாகத் தண்ணீர் இறைக்கிற மாதிரி செய்துவிடலாம் என்று கிளம்பினோம். அதை எப்படிக் கட்டினோம், எங்கே கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது என்று எழுதி வைக்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்கோ அடுத்த பொங்கலுக்கோ யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

கவலையைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிணற்று மேட்டில் இரண்டு உருளைகள் இருக்கும். ஒன்று உயரத்தில், இன்னொன்று கீழே தொட்டியின் விளிம்பில். தண்ணீர் மொள்ளும் பாத்திரம் சால். அதன் அடியில் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டையில் ஒரு நீளமான தோல்வால் தொங்கும். சாலைத் தூக்கும் தடித்த கயிறு வடம், அது மேல் உருளை வழியாகப் போகும். தோல்வாலின் நுனியைப் பிடித்திருக்கும் மெல்லிய கயிறு வால்கயிறு, அது கீழ் உருளை வழியாகப் போகும். இரண்டும் மாடுகளின் நுகத்தடியில் ஒன்றாகக் கட்டியிருக்கும். கிணற்றிலிருந்து விலகிச் சரிவாக இறங்கும் பாதையில், அதாவது வாரியில், மாடுகள் இறங்கும்போது சால் மேலே வரும். வருகிற வழியெல்லாம் வாலின் வாய் சாலின் விளிம்புக்கு மேலேயே மடங்கி நிற்பதால் ஒரு சொட்டு கூடச் சிந்தாது. மேலே வந்ததும் வாலின் நுனி கீழ் உருளையில் ஏறித் தொட்டிப் பக்கம் இழுபடும். சால் மட்டும் இன்னும் உயரும். வால் நிமிர்ந்து, வாய் தாழ்ந்து, மொத்தத் தண்ணீரும் தானாகத் தொட்டியில் கொட்டிவிடும். கவிழ்க்க ஆள் வேண்டாம், திறக்க வால்வு வேண்டாம். இரண்டு கயிற்றின் நீளம்தான் வால்வு. இத்தனை வருடம் பம்பு வரைந்திருக்கிறேன், இதைவிட எளிமையாக ஒரு தானியங்கி ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர். கிணறுகள் ஆழம். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. 1937-ல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் தொழிற்சாலையில் மின் மோட்டார் செய்தார்கள், அதை வடிவமைத்ததில் பாலசுந்தரம் நாயுடுவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு மோட்டார் தோட்டம் தோட்டமாகப் பரவ, கவலை மெல்ல மறைந்தது. எங்கள் பிழைப்பே அந்த மாற்றத்திலிருந்து வந்ததுதான். அதனால்தான் இந்தக் கிணற்றைச் செய்தே தீர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

போட்டி விதிகள் கறார். பிரிவுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு கூடாது. சுவரில் ஆணியோ டேப்போ கூடாது. உள்ளே நெருப்பு கூடாது, காய்ந்த ஓலைக்கூரையும் கூடாது. பிளாஸ்டிக் தோரணம் கிடையாது. கழிவுக் கிடங்கிலிருந்து எடுப்பது செலவில் சேராது. இந்தக் கடைசி விதிதான் எங்களைக் காப்பாற்றியது.

வேலையைத் தொடங்கும் முன் எங்கள் இரவுக் காவலர் ஐயாவிடம் போய் உட்கார்ந்தோம். பல்லடம் பக்கத்துக்காரர், சின்ன வயதில் அப்பாவோடு கவலை இறைத்தவர். நாங்கள் வரைந்திருந்த படத்தில் மாடுகள் வாரியின் கீழே போய்த் திரும்பி நடந்து மேலே வருகிற மாதிரி இருந்தது. பார்த்ததும் சிரித்தார். "மாடு திரும்பாதுங்க தம்பி. பூட்டுனது பூட்டுனபடியே பின்னுக்கு ஏறிக்கும். அதுக்குத்தான் அதைப் பழக்கறதே. எறங்கும்போது நாம வடத்து மேல உக்காந்துக்குவோம், நம்ம கனமும் சேந்து இழுக்கும்." எங்களுக்கு இது பெரிய வரம். மாடு திரும்ப வேண்டாம் என்றால் மாட்டுப் பொம்மைகள் நிற்கும் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் போதும். மோட்டாரின் சுழற்சியை மாற்றினால் வேலை முடிந்தது. வடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆளையும் அன்றே பொம்மைப் பட்டியலில் சேர்த்தோம்.

இடம், வரவேற்பறை ஓரமாக எட்டடிக்கு ஆறடி. இரண்டு பழைய மேசைகளை ஓரடி இடைவெளி விட்டுப் போட்டோம். மேசைப் பரப்புதான் நிலம், நடுவில் இருக்கும் இடைவெளிதான் கிணறு. இருபது லிட்டர் குடிநீர் கேனின் கழுத்தை வெட்டி எடுத்து, ஒரு முக்காலியின் மேல் அந்த இடைவெளியில் நிறுத்தினோம். கேன் கண்ணாடி போலத் தெரிவதால் சால் முங்குவதும் ஏறுவதும் முன்னால் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். கேனின் பின்பக்கமும் இரு ஓரங்களும் மட்டும் கல் கட்டிடம் போல இருக்க வேண்டும். பேக்கிங் பிரவுன் பேப்பரைக் கசக்கி, மைதாப் பசை தடவி, காயவிட்டு, சாம்பல் நிறமும் செம்மண் நிறமும் ஒற்றி எடுத்தோம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை செய்கிற அதே முறை. டிசம்பரில் வீட்டில் குடில் கட்டிய ஒரு தம்பி இதை முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான்.

சால்தான் மூளை வேலை. பத்து சென்டிமீட்டர் விட்டம், பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அடியில் துளையிட்டு ஓரங்குல டேங்க் நிப்பிள் (தொட்டியில் குழாய் மாட்டும் இணைப்பு) பூட்டினோம். தோல்வாலுக்குப் பதில் பழைய ஸ்கூட்டர் டியூப், 22 சென்டிமீட்டர் நீளம், ஓஸ் கிளாம்ப் போட்டு இறுக்கியது. தொட்டியில் நிறுத்திப் பார்த்தால், வாலை மேலே மடக்கியதும் நிப்பிளின் வாயிலேயே டியூப் தட்டையாக மடிந்து ஒட்டிக்கொண்டது. நிமிர்த்திய பிறகும் ஈர ரப்பர் பிரியாமல் தண்ணீரை விடவில்லை. நிப்பிளுக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு 45 டிகிரி எல்போ (வளைந்த இணைப்புக் குழாய்) சேர்த்து, வால் சாய்வாக வெளியே கிளம்பும்படி செய்தோம். மடிப்பு வளைவாக மாறியது. டியூபின் உள்ளே டால்கம் பவுடர் தூவியதும் ஒட்டுவது நின்றது.

அடுத்து வாலின் வாய். வால்கயிற்றை ஒரு பக்கத்தில் மட்டும் கட்டினால் இழுக்கும்போது வாய் முறுக்கிக்கொண்டு மூடிவிடுகிறது. டியூப் நுனிக்குள் ஒரு இரும்புக் கம்பி வளையத்தைச் செருகி, ரப்பரை மடித்துத் தைத்து, இரண்டு பக்கமும் துளை போட்டு, வாளிக்குக் கைப்பிடி கட்டுவது போல வளைவாகக் கட்டி, அதன் நடுவில் வால்கயிற்றை முடிந்தோம். அதன் பிறகு வாய் எப்போதும் வட்டமாகவே நின்றது.

கயிற்றின் நீளத்தைக் கணக்குப் போட்டே வைத்தோம். முங்கி நிற்கும்போது வாலின் வாய் சாலின் விளிம்புக்கு நான்கு சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். அப்படியென்றால் சாலின் அடியிலிருந்து வாய் வரை பதினாறு சென்டிமீட்டர் உயரம். வாய் கீழ் உருளையைத் தொட்ட பிறகு, மாடு இன்னும் 16 சென்டிமீட்டர் நகர்ந்தால் சாலின் அடி உருளை மட்டத்துக்கு வந்துவிடும். 19 சென்டிமீட்டர் நகர்ந்தால் அடி மூன்று சென்டிமீட்டர் மேலே, வாய் 19 சென்டிமீட்டர் தொட்டிக்குள்ளே. மூன்றும் பத்தொன்பதும் இருபத்திரண்டு. அங்கே டியூப் விறைத்து நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தாலும் கிளாம்ப் கழன்றுவிடும். ஆகவே மாடு நிற்க வேண்டிய இடம் அதற்குச் சற்று முன்னால். மேல் உருளை மேசைப் பரப்பிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில். மாடு நகரும் மொத்தத் தூரம் அறுபது. வாரிப் பலகை எழுபத்தைந்து. அளவை மாற்றிச் செய்பவர்கள் இந்த ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் தானாக அமையும்.

கயிறு நூல்கயிறாக இருக்கக் கூடாது. பார்க்க அழகுதான், ஆனால் நனைந்தால் சுருங்கும். வால்கயிறு கொஞ்சம் சுருங்கினாலும் வாய் முன்கூட்டியே உருளைக்கு வந்து, டியூப் சீக்கிரமே விறைத்துக் கிளாம்பை இழுக்கும். இரண்டு மில்லிமீட்டர் நைலான் கயிற்றை எடுத்து, கெட்டியான டீ டிகாஷனில் கொதிக்கவிட்டு ஊறவைத்தோம். பழுப்பேறி, எட்டி நின்று பார்க்க தேங்காய் நார்க் கயிறு போலவே ஆயிற்று.

உருளைகளைக் கடைசல் பட்டறை அண்ணன் நைலானில் கடைந்து தந்தார், நடுவில் 608 பேரிங். கீழ் உருளையை எட்டு சென்டிமீட்டர் அகலமாக, ஓரம் வழுவழுப்பாகக் கேட்டு வாங்கினோம். டியூப் அதன் மேல் வழுக்கிப் போக வேண்டும், விளிம்பில் மாட்டக் கூடாது.

மாடுகள் காகிதக் கூழில் செய்தவை. மண்ணில் செய்தால் கனம் கூடும். கனம் ஏன் முக்கியம் என்றால், இறங்கும்போது வண்டியை மோட்டார் இழுக்கிறது, ஆனால் திரும்பி ஏறும்போது இழுப்பது வெறும் சாலின் எடைதான். மோட்டார் கயிற்றை விட்டுக்கொடுக்க மட்டும் செய்யும். சால் வண்டியைவிட இளைத்தவனாக இருந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும், கயிறு தொளதொளத்து, அதைச் சுற்றும் மோட்டார் டிரம்மில் சிக்கிக்கொள்ளும். சாலின் வெளியே ஒரு பக்கமாக இரும்பு வாஷர்களைக் கோத்துக் கட்டினோம். இதில் இரட்டை லாபம். பிளாஸ்டிக் டப்பா தண்ணீரில் மிதக்காமல் ஒருக்களித்துச் சாய்ந்து, உடனே மொண்டுகொண்டது. வண்டியின் அடியில் நான்கு பேரிங், அவை ஓடுவது அலுமினியம் ஆங்கிளில். வாரி சாய்வு பதினைந்து டிகிரி. அதைவிடச் சரிவாக்கினால் மாடு பின்னுக்கு ஏற முக்கும்.

மோட்டார், உக்கடம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார். மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 சுற்று. மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் போட்டால் நொடிக்கு ஏழு சென்டிமீட்டர், அறுபதைக் கடக்க ஒன்பது நொடிக்குள். உழைத்த மாட்டின் நடை அப்படித்தான் தெரிய வேண்டும். இந்த மோட்டாரில் உள்ளே வார்ம் கியர் (எடை இழுத்தாலும் பின்னோக்கிச் சுழலாத திருகுப் பல்சக்கரம்) இருப்பதால் கரண்ட் போனாலும் சால் தொபுக்கென்று கிணற்றில் விழாது, நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு எச்சரிக்கை: பல வைப்பர் மோட்டார்களில் உடம்பே நெகட்டிவ். சுழற்சியை மாற்றும்போது உடம்பில் பாசிட்டிவ் வரும். அதனால் இரும்புச் சட்டத்தில் பூட்டாமல் மரப்பலகையில் பூட்டினோம். வாரியின் இரண்டு முனையிலும் வண்டி வந்து முட்டியதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச், நடுவில் சுழற்சி மாற்றும் ரிலே, இரண்டு டைமர். சால் மேலே வந்ததும் எட்டு நொடி நிற்கும், தண்ணீர் வடிய. கீழே போனதும் நான்கு நொடி, மொள்ள. டைமரும் ரிலேவும் பம்புப் பேனல் கழிவில் ஏராளம். தண்ணீர் பக்கத்தில் வருவது 12 வோல்ட் மட்டும். பவர் சப்ளையை மேசைக்கு அப்பால் உயரத்தில் வைத்து, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. உள்ள பிளக்கில் செருகினோம். இதில் சமரசமே கிடையாது. வரவேற்பறையில் குழந்தைகள் கையை விடுவார்கள்.

தொட்டிக்கு நாலங்குல பி.வி.சி. குழாயை நெடுக்காகப் பிளந்து, அதிலிருந்து வாய்க்கால். வாய்க்கால் போய்ச் சேர்வது வயல் தட்டில். தட்டில் ஈரச் சாக்கை விரித்துக் கேழ்வரகும் வெந்தயமும் ஒரு வாரம் முன்பே தெளித்திருந்தோம், போட்டியன்று பச்சைப் பசேலென்று நின்றன. வயலின் மூலையில் ஒரு துளை, அதிலிருந்து மெல்லிய குழாய் திரும்பக் கேனுக்கே போகிறது. கிணற்றுத் தண்ணீர் கிணற்றுக்கே. ஒரு சொட்டும் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

அலங்காரத்தில் நாங்கள் பணம் போட்டது பூளைப்பூவுக்கும் ஆவாரம்பூவுக்கும். கொங்கு நாட்டில் காப்புக் கட்டாமல் பொங்கல் இல்லை. வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிய கொத்தைக் கிணற்று மேட்டிலும் மேசையின் நான்கு முனையிலும் செருகினோம். பக்கத்தில் மஞ்சள் கொத்து, இரண்டு கரும்பு, குருத்தோலைத் தோரணம். பளபளக்கும் டைல்ஸில் கோலப்பொடி ஏசி காற்றுக்கே பறந்துவிடும் என்பதால் பச்சரிசியை ஊறவைத்து அரைத்து மாக்கோலமாகப் போட்டுவிட்டார்கள். காய்ந்ததும் நன்றாகப் பிடித்தது, அப்புறம் ஈரத்துணியால் ஒரே துடைப்பில் போய்விட்டது.

மற்றப் பிரிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வீஸ் பிரிவு பேக்கிங் மரத்தில் வாடிவாசல் கட்டியிருந்தது. கொள்முதல் பிரிவு அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, உள்ளே இருக்கும் நெளி தெரியும்படி அடுக்கி ஒரு கூரை வீடு வேய்ந்திருந்தது. ஓலை இல்லாமல் ஓலைக்கூரை. தொட்டுப் பார்க்காமல் யாரும் நகரவில்லை. கணக்குப் பிரிவு அக்காக்கள் பட்டிப் பொங்கலை, அதாவது மாட்டுப் பொங்கலன்று மாட்டுப் பட்டியில் வைக்கும் பொங்கலை, எடுத்துக்கொண்டார்கள். களிமண்ணில் குட்டித் தெப்பக்குளம் கட்டி, அதில் தண்ணீர் விட்டு, சுற்றிலும் கரும்புத் துண்டும் மாவிலையும் நட்டு, சுடுமண் மாடுகளை அதை மிதிக்கப் போகிற வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சலங்கையும் மூக்கணாங்கயிறும் அதன் மேல் தொங்கின. மதியம் "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று அவர்கள் குரல் கொடுக்க, மொத்த மாடியும் "பொங்கலோ பொங்கல்" என்றது.

போட்டி என்றாலும் யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. எங்கள் சாலுக்கு வாஷர் கொடுத்தது கொள்முதல். தெப்பக்குளம் கசிந்தபோது உள்ளே சிலிகான் பூசிக் கொடுத்தது நாங்கள். வாடிவாசல் ஆடாமல் நிற்கக் கணக்கு அக்கா ஒருவர் தன் ஃபைல் அலமாரியைத் தள்ளி முட்டுக் கொடுத்தார். நடுவர்களாக வந்தவர்கள் கேன்டீன் நடத்தும் அம்மாவும் பணி ஓய்வு பெற்ற ஃபோர்மேன் ஒருவரும். ஃபோர்மேன் எங்கள் கிணற்றின் முன்னால் சால் ஏறி இறங்க வெகுநேரம் நின்றார். வாலின் வாய் திறக்கும் நொடியை மட்டும் குனிந்து குனிந்து பார்த்தார்.

கேடயம் கணக்குப் பிரிவுக்குப் போனது. சரியான தீர்ப்பு. அந்தத் தெப்பக்குளத்தைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் ஊர்ப் பட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள், எங்கள் கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் ரிலேவைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்களுக்கு இரண்டாம் இடம். காவலர் ஐயாவை அழைத்து வந்து காட்டினோம். மாடு பின்னுக்கு ஏறுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "வால்கயிறு இன்னும் அரை விரக்கட தொளதொளன்னு உடுங்க" என்றார். அரை விரல் அகலம் விட்டோம். டியூப் விறைக்கும்போது வந்த சின்ன உதறலும் போயிற்று.

மாதிரி இப்போது பம்புகளைக் காட்சிக்கு வைக்கும் கூடத்தில் நிற்கிறது. அங்கே வைப்பதற்காகச் சில மாற்றங்கள் செய்தோம். கேழ்வரகு வயலை எடுத்துவிட்டு வெறும் செம்மண் நிறத் தட்டு. பாசி பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது. எப்போதும் ஓடாமல், வருபவர் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒருமுறை இறைக்கும்படி ஒரு சுவிட்ச். அடுத்து செய்ய நினைப்பது சாலைத் தகரத்தில் பற்றவைத்துச் செய்வது. நிஜச் சாலும் இரும்புதான், வாஷர் கட்ட வேண்டிய தேவையும் இருக்காது. டியூபைப் பொறுத்தவரை, நீண்ட விடுமுறைக்கு முன் கிளாம்பைத் தளர்த்தி, உள்ளே உலரவிட்டு, மறுபடி பவுடர் தூவி, மடிக்காமல் நேராகத் தொங்கவிட வேண்டும். மடித்தபடி காய்ந்தால் அந்த இடத்தில் வெடித்துவிடும்.